"நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்கிறவருக்கு என்ன சொல்வது?

கேள்வி (விழுப்புரம் வாசகர்): என் நெருங்கிய நண்பரின் மகன், பதினேழு வயது, பைக் விபத்தில் போய்விட்டான். இன்றோடு இருபத்திரண்டு நாள். தினமும் ராத்திரி பத்து மணிக்கு மேல் நண்பர் போன் செய்கிறார். ஒரே கேள்விதான்: "நான் என்ன பாவம் செய்தேன்?" நான் கீதை, உபநிடதம் எல்லாம் ஓரளவு படித்தவன். கர்மா, மறுபிறவி பற்றிப் புரியும்படி எடுத்துச் சொன்னால் மனம் தேறுவார் என்று நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

5 மே, இரவு 10.50

ஆரம்பிக்காதீர்கள்.

5 மே, இரவு 11.25

மேலே எழுதியது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. தூக்கம் வராததால் விளக்கமும் எழுதிவிடுகிறேன்.

நான் பண்ருட்டிக்காரன். முப்பத்து நாலு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு திருவாசகக் குழுவோடு சேர்ந்தேன். இழவு வீடுகளில் சிவபுராணம் படிக்கக் கூப்பிடுவார்கள், போவோம். எத்தனை வீடு என்று கணக்கு வைக்கவில்லை, நூறைத் தாண்டியிருக்கும். படித்து முடித்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து காபி குடிப்போம். அங்கே உட்கார்ந்து, ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் என்னென்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2009-இல் என் தம்பி போனான், முப்பத்து நாலு வயது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூரத்துச் சொந்தத்தில் ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கடவுளுக்குப் பிடிச்சவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு, அழாத" என்றார். அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. "அப்படின்னா உம் புள்ளைய அவருக்குப் புடிக்கலியா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். கருமாதிக்கும் வரவில்லை.

அந்த அம்மாள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கோ கேட்டதை நல்ல மனதோடு கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான்.

6 மே, காலை

கர்மா பற்றி. அது உண்மையா பொய்யா என்ற வழக்குக்கே நான் வரவில்லை. நான் நம்புகிறவன்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் "எல்லாம் கர்மவினை" என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் "உன்னால்தான்" என்றுதான் விழும். ஏற்கெனவே அந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார்.

லைனில் கை வைப்பதற்கு முன்னால் சப்ளையை நிறுத்தினால் மட்டும் போதாது, கம்பியை மண்ணோடு இணைக்கிற எர்த் ராடு மாட்ட வேண்டும். நிறுத்திய கம்பியிலும் மின்சாரம் மிச்சம் இருக்கும். பழைய ஆட்கள் இதை அடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். இருபத்திரண்டு நாள் என்பது எர்த் ராடு மாட்டாத கம்பி.

7 மே, இரவு

கீதை படித்தவர் என்று சொன்னீர்கள். சரி, கீதையிலிருந்தே வருகிறேன். முதல் அத்தியாயத்தில் 47 சுலோகம். அதில் கண்ணன் பேசுவது எவ்வளவு? தேரைக் கொண்டுபோய் நிறுத்தி, "பார்த்தா, கூடியிருக்கிற இந்தக் குருவம்சத்தாரைப் பார்" என்கிறார். அவ்வளவுதான். அர்ச்சுனன் உடம்பு நடுங்குகிறது, வாய் உலர்கிறது, காண்டீபம் நழுவுகிறது என்று சொல்லிக்கொண்டே போகிறான். கண்ணன் குறுக்கே பேசவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் முதலில் ஒரு அதட்டல் போடுகிறார், அது வேலைக்கு ஆகவில்லை. "நான் உன் சீடன், எனக்குச் சொல்" என்று அவனே கேட்ட பிறகுதான் உபதேசம் ஆரம்பிக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆத்மா அழியாது, வெட்டாது, எரிக்காது என்று பதினெட்டு அத்தியாயமும் நேரில் கேட்டவன் அர்ச்சுனன். போரின் பதின்மூன்றாம் நாள் அவன் மகன் அபிமன்யு செத்தான். என்ன செய்தான் அர்ச்சுனன்? கதறினான். நாளைப் பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிட்டால் தீயில் விழுவேன் என்று சபதம் போட்டான். "அன்றைக்குச் சொன்னேனே, மறந்துவிட்டாயா?" என்று கண்ணன் குத்திக் காட்டவில்லை.

கண்ணன் வாயால் கேட்டவனுக்கே பதின்மூன்று நாள்தான் தாங்கியது. நீங்களும் நானும் போனில் சொல்லி எத்தனை நாள் தாங்கும்?

8 மே

"எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது" என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். ஐயா, அது காலண்டரில், டீக்கடையில், சலூனில் மாட்டியிருப்பது. கீதையில் அப்படி ஒரு சுலோகம் இல்லை, எழுநூறு சுலோகமும் தேடிப் பாருங்கள். மகன் செத்த வீட்டில் போய் நின்று "நன்றாகவே நடந்தது" என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

இன்னொருவர் ரோஜாப்பூப் படத்தோடு "இடுக்கண் வருங்கால் நகுக" அனுப்பியிருக்கிறார். என் தம்பி போனபோது எனக்கும் இதே வந்தது, எஸ்.எம்.எஸ்.ஸில். திருவள்ளுவர் மேல் தப்பில்லை. அந்த அதிகாரம் பொருட்பாலில், அரசியல் என்ற பிரிவில், ஆள்வினையுடைமைக்கு அடுத்தது. எடுத்த காரியத்தில் இடைஞ்சல் வந்தால் துவண்டுவிடாதே என்று காரியம் செய்கிறவனுக்குச் சொன்னது. அதைத் தூக்கி இழவு வீட்டில் வைத்தது நாம்.

9 மே, இரவு

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் பைபிளில் வரும் யோபுவை நினைவுபடுத்தினார். நன்றி. எனக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும், இன்று உட்கார்ந்து படித்தேன். பத்துப் பிள்ளைகளும் செத்து, சொத்தும் போய், உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சினேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் அவர்களைப் போல ஆறுதல்காரர்கள் உலகத்தில் இல்லை. எட்டாம் நாள் வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது. "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், யோசித்துப் பார்" என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். யோபு அவர்களுக்கு ஒரு பட்டம் கொடுக்கிறார்: "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது தொல்லை கொடுக்கிற ஆறுதல்காரர்கள். பழைய மொழிபெயர்ப்பாக இருந்தாலும் என்ன ஒரு சொல்! என் தம்பி வீட்டுக்கு வந்த பாதிப் பேருக்கு இந்தப் பெயர் வைக்கலாம். கடைசியில் கடவுளும் அந்த மூவர் மேல்தான் கோபப்படுகிறார், புலம்பிய யோபு மேல் அல்ல.

ஆக என் பதில்: போங்கள், உட்காருங்கள், பேசாதீர்கள்.

12 மே

"வெறுமனே உட்கார்ந்தால் என்ன பயன்?" என்று கேட்கிறார் ஒருவர். ஒன்று சொல்கிறேன், சாவு இல்லை, மரம்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர், பண்ருட்டிப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த விடியற்காலை மறக்காது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நாங்கள் கம்பம் நட ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு தோப்பில் எழுபது வயசுக்காரர் ஒருவர், தாத்தா வைத்த பலா மரம் விழுந்து கிடக்க, அந்தத் தண்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் போகும்போது பார்த்தேன். சாயங்காலம் திரும்பும்போதும் அதே இடம், அதே உட்கார்வு. "எல்லாம் இயற்கை, நம்ம கையில என்ன இருக்கு", "உசுரு பொழைச்சதே பெருசு" என்று நிறையப் பேர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், நானும்தான்.

மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் மரம் அறுக்கும் மெஷினோடு வந்தான். "தாத்தா, மொதல்ல எந்த மரத்த எடுக்கட்டும்?" என்றான். அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அத விட்டுடு, அந்தாண்ட இருக்கறத எடு" என்று கை காட்டினார்.

அந்தப் பையனுக்குத் தத்துவம் ஒன்றும் தெரியாது.

15 மே

புத்தர் கதையும் ஒருவர் எழுதியிருக்கிறார், மகனைப் பறிகொடுத்து வந்தவளை, சாவு நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று அனுப்பியது. நம்ம மணிமேகலையிலேயே அந்தக் கதை இருக்கிறதே. கோதமை என்று பெயர். காவல் தெய்வமான சம்பாபதியிடம் போய் மகனுக்கு உயிர் கேட்கிறாள். பிறகு மனம் தெளிந்து துறவியாகிறாள்.

16 மே

நேற்று எழுதியது தப்பு. இரண்டு பேரைப் போட்டுக் குழப்பிவிட்டேன். கடுகு தேடிப் போனவள் சாவத்தியில் இருந்த கிசா கோதமி, அவள்தான் பிக்குணி ஆனவள். மணிமேகலையில் வருகிற கோதமை வேறு. அவள் மகன் சார்ங்கலன் இரவில் தனியாகச் சுடுகாட்டுப் பக்கம் போய்ப் பயந்து செத்தவன். கண் தெரியாத கணவன் வேறு அவளுக்கு. பிணத்தைத் தூக்கிக்கொண்டு சம்பாபதியிடம் வருகிறாள். என் உயிரை எடுத்துக்கொள், இவனைக் கொடு, கண் தெரியாத தகப்பனுக்கு இவன் துணை என்கிறாள். போன உயிர் திரும்பாது என்கிறது தெய்வம். இவள் விடுவதாக இல்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று வேதம் சொல்கிறதே என்று வாதாடுகிறாள்.

அப்போது சம்பாபதி செய்கிற காரியம்தான் எனக்குப் பிடித்தது. "நான் சொன்னால் நம்ப மாட்டாய்" என்பதுபோல, சக்கரவாளத்தில், அதாவது அண்டம் முழுவதிலும், இருக்கிற தெய்வங்களை எல்லாம் அழைத்து அவள் முன்னால் நிறுத்துகிறது. எல்லோரும் தங்களால் ஆகாது என்கிறார்கள். ஒரு ஏழைத் தாய்க்காக அத்தனை தேவர்களும் இறங்கி வந்து "எங்களாலும் முடியாது" என்று சொல்கிறார்கள். அவள் துயர் நீங்கி, மகனைச் சுடலையில் இட்டு, தானும் இறந்துபோகிறாள். நம்ம கோதமைக்குச் சுபமான முடிவு இல்லை. அந்தப் புலவர் அதை மறைக்கவும் இல்லை.

19 மே, விடியற்காலை 4 மணி

பேசாதீர்கள், பேசாதீர்கள் என்று பத்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கே நெருடுகிறது. ஒன்றை மறைத்துவிட்டு எழுதினேன்.

மூன்று வருஷம் முன்பு ஒரு வீடு. கணவருக்கு ராத்திரி நெஞ்சு கரித்திருக்கிறது. வாயுதான் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து, "காலைல டாக்டர்கிட்ட போலாம், படுங்க" என்றிருக்கிறார் மனைவி. காலையில் அவர் எழவில்லை. நாங்கள் படித்து முடித்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். கையில் அந்த டம்ளர். கழுவாமல் வைத்திருந்தார். அடியில் ஓமம் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரா, ஐயா?" என்றார்.

நான் என் கொள்கைப்படி வாயைத் திறக்கவில்லை. திருநீறு பூசிவிட்டுக் கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன். பெரிய ஞானி மாதிரி.

நாலு மாசம் கழித்துக் கோயிலில் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: "நீங்க அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. அப்ப ஆமான்னுதானே அர்த்தம்?"

எனக்குக் காலடியில் தரை நழுவியது. நான் மௌனம் என்று நினைத்துக் கொடுத்ததை அவர் தீர்ப்பாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நாலு மாசம் அதைச் சுமந்திருக்கிறார். மறுநாளே எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பத்து நிமிஷம் ஒதுக்கி, இதயவலி வாயுத் தொல்லை மாதிரியே வரும் என்பதையும் படித்தவர்களே ஏமாறுவார்கள் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். "பொழைச்சிருப்பாரான்னு என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா அந்த ராத்திரி உங்களுக்குத் தெரிஞ்சத வெச்சு நீங்க சரியாத்தான் செஞ்சீங்க" என்றார். அந்த அம்மா அங்கேயே அழுதார். திருவாசகம் அறுநூற்றுச் சொச்சம் பாட்டும் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

ஆகவே என் முந்தைய பதிலைத் திருத்துகிறேன். "நான் என்ன பாவம் செய்தேன்" என்பது சில பேருக்கு வெறும் புலம்பல், அதற்குப் பதில் வேண்டாம். சில பேருக்கு அது நிஜமான கேள்வி. அப்போது பதில் சொல்லாமல் இருப்பதும் அடிதான்.

22 மே

கொஞ்சம் தடம் மாறுகிறேன். ஆற்றுவது, தேற்றுவது என்று சேர்த்தே சொல்கிறோம். ஆற்றுவது தெரியும், சூட்டைத் தணிப்பது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் காபியை ஆற்றுகிற மாதிரி. தேற்றுவது? தேற்றாங்கொட்டை பார்த்திருக்கிறீர்களா? நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், பொத்தான் மாதிரி இருக்கும். என் பாட்டி குளத்துத் தண்ணீர் கொண்டுவந்தால், பானையின் உள்பக்கச் சுவரில் அந்தக் கொட்டையைத் தேய்த்துவிட்டு, கலங்கல் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பாள். தொடாதே என்பாள். கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். கலித்தொகையில்கூட, கலங்கிய நீரை இந்தக் கொட்டை தெளிய வைப்பதுபோல ஒரு பெண் தெளிந்தாள் என்று வருகிறது.

பாட்டி தண்ணீரை வடிகட்டவில்லை. சேறு எங்கும் போகவில்லை, பானைக்குள்ளேதான் இருக்கிறது. ஆட்டினால் மறுபடி கலங்கும். "இன்னுமா அழுதிட்டிருக்கே, மூணு மாசம் ஆச்சே" என்கிறவர்கள் பானையை ஆட்டுகிறவர்கள்.

23 மே

இல்லை, ஆர்.ஓ. தண்ணீரில் தேற்றாங்கொட்டை போட வேண்டிய அவசியம் இல்லை. மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

26 மே

"நடவாதது என் முயற்சிக்கினும் நடவாது, நடப்பது என் தடை செய்யினும் நில்லாது" என்று பகவான் ரமணர் சொன்னதைப் போட்டு, இதைவிட என்ன ஆறுதல் வேண்டும் என்கிறார் ஒரு திருவண்ணாமலை அன்பர். எனக்கும் அவர் மேல் பக்தி உண்டு. ஆனால் அது யாருக்கு, எப்போது எழுதியது என்று பார்க்க வேண்டும். 1898-இல், பவழக்குன்றில், வீட்டுக்கு வா என்று கூப்பிட வந்த தாயாருக்கு எழுதிக் கொடுத்தது. பிள்ளை உயிரோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அதே தாயாருக்கு 1914-இல் கடும் காய்ச்சல் வந்தது. நடப்பது நடக்கும் என்று எழுதியவர் என்ன செய்தார்? அம்மாவின் ஜுரத்தைத் தணித்து அருளும்படி அருணாசலத்தை வேண்டிப் பாட்டு எழுதினார். 1922 மே 19, அம்மா போன நாள். பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்திருந்தார்.

எச்சம்மாள் என்று ஒரு அடியவர். கணவர், பிள்ளைகள் எல்லோரையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து வந்தவர். பிறகு வளர்த்த மகள் செல்லம்மாளும் போய்விட்டாள். தந்தியைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினார். படித்துவிட்டு அவர் கண் கலங்கினார். 1898 சீட்டை யாரும் அப்போது எடுத்துக் காட்டவில்லை.

30 மே, இரவு 11.10

விழுப்புரம் தம்பிக்கு. நீங்கள் எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். "அவனோடயே போயிடலாம்னு இருக்கு" என்று அவர் சொன்னால் இந்த இழையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு யோசிக்கிறீங்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, எந்த நேரமும், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நாளைக்கே மனநல டாக்டர். பூச்சி மருந்து, தூக்க மாத்திரை எல்லாம் கண்ணில் படாத இடத்துக்கு. மற்றதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

31 மே

அவரோடு தங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. நல்லது.

3 ஜூன்

அவருடைய அண்ணனும் வந்துவிட்டார், டாக்டரைப் பார்த்தாகிவிட்டது, மாத்திரை ஆரம்பித்திருக்கிறது. "மாத்திரை ஆன்மிகத்துக்கு விரோதமா?" என்று ஒருவர் கேட்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதானே நீங்கள் கிரிவலம் போகிறீர்கள்?

8 ஜூன், இரவு

தம்பி முந்தாநாள் எனக்கு எழுதியதில் ஒன்றை, அவர் அனுமதியோடு, இங்கே சொல்கிறேன். பைக் சாவியை எடுத்துக் கொடுத்தது அப்பாதான். பையனுக்கு லைசென்ஸ் இல்லை. பதினேழு வயசு.

இந்த ஒன்று, நான் 19-ஆம் தேதி எழுதியதையும் ஆட்டிவிட்டது. அந்த அம்மாவுக்கு "நீங்கள் தப்பு செய்யவில்லை" என்று சொல்ல முடிந்தது, அது நிஜம். இவருக்கு அப்படிச் சொன்னால் அது பொய். அவருக்கே தெரியும் பொய் என்று. அப்புறம் நம்ம பேச்சு எதையும் நம்ப மாட்டார். சரி, உண்மையைச் சொல்லலாம் என்றால், அதைச் சொல்ல நாம் யார்?

இரண்டு நாள் இதையே யோசித்தேன். பதில் என் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. திருவதிகை.

அப்பர் கதையை எல்லோரும் சூலை நோயிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் அவருடைய அக்காள் திலகவதியாரிலிருந்து ஆரம்பிக்கிறேன். திருவாமூர், இங்கிருந்து பக்கம்தான். அப்பா, அம்மா இருவரும் போய்விட்டார்கள். நிச்சயித்த கலிப்பகையாரும் போரில் இறந்தார். நானும் உயிரை விடுகிறேன் என்று அக்காள் முடிவு செய்கிறாள். தம்பி சின்னப் பையன். உடம்பு அநித்தியம் என்று பேசவில்லை. காலில் விழுந்து, நீ போனால் உனக்கு முன்னால் நான் போவேன் என்று அழுகிறான். அவனுக்காக அவள் உயிரோடு இருந்தாள்.

அந்தத் தம்பி வளர்ந்து சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று பெரிய ஆளாகிறார். அக்காளுக்கு அது எத்தனை வருஷத்துத் துக்கம்! சூலை நோய் வந்து குடல் முறுக்கிக்கொண்டு ஒரு ராத்திரி அவளிடமே வந்து விழுகிறார். "அன்றைக்கே சொன்னேன், கேட்டாயா" என்று சொல்ல இதைவிட வாய்ப்பு கிடைக்குமா? சேக்கிழார் அப்படி ஒரு சொல்லைக்கூட அவள் வாயில் வைக்கவில்லை. எழுந்திரு என்கிறாள். திருநீறு கொடுக்கிறாள். விடியற்காலை, கோயில் கூட்டி மெழுகப் போகிற நேரம். துடைப்பம், சாணம், தண்ணீர்த் தோண்டியோடு கிளம்புகிறவள் அவரையும் கூட அழைத்துப் போகிறாள்.

அங்கே அவர் பாடிய முதல் பாட்டின் முதல் வரி என்ன? "கூற்றாயின வாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நானறியேன்." நான் என்ன பாவம் செய்தேன் என்பதுதான்! உங்கள் நண்பர் ராத்திரி பத்து மணிக்குக் கேட்கிற கேள்வி, நான்காம் திருமுறையில் முதல் பதிகத்தில் முதல் அடியாக உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் பாடியிருக்கிறேன், எனக்கு இது உறைக்கவே இல்லை. அக்காள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நீ தப்பு செய்தாய் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

9 ஜூன்

"சைவருக்குச் சரி, மற்றவர்களுக்கு?" என்ற கேள்வி நியாயம். என் அனுபவத்தில், அவரவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நம்ம வீட்டுச் சொல்லைக் கொண்டுபோய் இறக்கக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒரு பாய், மகள் இறந்தபோது, நான் ஏதோ சொல்லப் போக, கையைப் பிடித்துக்கொண்டு "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" (நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம்) என்று மட்டும் சொல்லி அழுதார். நபிகளும் தன் மகன் இப்ராஹிம் இறந்தபோது கண்ணீர் விட்டவர்தான் என்று அவரே பிறகு எனக்குச் சொன்னார். அவருக்கு வேண்டியது அவரிடம் இருந்தது. நான் பிரியாணிக் கடையில் சொல்லி நாலு பேருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன், அவ்வளவுதான் என்னால் ஆனது.

விழுப்புரம் நண்பரின் அப்பா தேவாரம் பாடுகிறவர் என்று தம்பி எழுதியிருந்தார். அதனால்தான் திருவதிகையைச் சொன்னேன்.

12 ஜூன்

"அப்பருக்கு வயிற்று வலி தீர்ந்தது. செத்த பையன் வருவானா?" என்று ஒருவர் காட்டமாகக் கேட்டிருக்கிறார். வரமாட்டான். 16 மே குறிப்பில் கோதமை இருக்கிறாள், பாருங்கள். அத்தனை தேவர்களும் சொன்னதைவிட அதிகமாக நான் என்ன சொல்ல?

13 ஜூன்

யாழ்ப்பாணத்து வாசகர் எழுதியது அருமை. அங்கே சாவு வீட்டில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடி உரலில் சுண்ணம், அதாவது வாசனைப்பொடி, இடிப்பார்கள். "முத்துநல் தாமம் பூமாலை தூக்கி" என்று தோரணம் கட்டுகிற பாட்டு, ஆண்டவன் நீராடப் பெண்கள் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கிற கொண்டாட்டப் பாட்டு, இருபது பாட்டும். அதைப் போய் இழவு வீட்டில் வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள். அவருடைய அம்மா உலக்கை பிடித்தபோது, ஒவ்வொரு இடிக்கும் ஒரு கேவல் வந்ததாம். கைக்கு வேலை, வாய்க்குப் பாட்டு. தானே புயலில் மரம் அறுக்க வந்த பையன்தான் எனக்கு ஞாபகம் வந்தான்.

16 ஜூன், மதியம்

இன்று காலை திருவதிகைக் கோயிலுக்கு வந்தார்கள். தம்பி, நண்பர், அவருடைய அண்ணன். எங்கள் குழுவிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை, நான் மட்டும். பதினாறு பட்டை லிங்கத்தைப் பார்த்துவிட்டு, அப்பர் சந்நிதிப் பக்கம் வந்து உட்கார்ந்தோம். அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை, நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. பாடலாமா என்று கேட்டேன், தலையாட்டினார். கொல்லிப் பண், என் குரலுக்கு எடுத்த சுருதியில் ஆரம்பித்தேன்.

முதல் பாட்டு முடிவதற்குள் கை காட்டி நிறுத்தினார்.

"நானறியேன்னு வருதே. எனக்குத் தெரியும் ஐயா. லைசென்ஸ் இல்லைன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். அவங்கம்மா வேணாம்னா. நான்தான் சும்மா இருன்னேன்."

இந்த ஒரு மாசமாக நான் எழுதிக் குவித்தது எதுவும் எனக்கு உதவிக்கு வரவில்லை. அந்த அடிக்கு உரைகாரர்கள் இரண்டு விதமாகப் பொருள் சொல்வார்கள், அதைப் பேசலாம் என்று ஒரு நொடி நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். அவருடைய அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது.

"அங்க சொல்லுங்க" என்று சந்நிதியைக் காட்டினேன். சொன்னாரா என்று தெரியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

அப்புறம் என் வீட்டுக்கு வந்தார்கள். பலாப்பழ சீசன், வெட்டி வைத்திருந்தோம். அவர் சாப்பிடவில்லை. என் மனைவி முறத்தில் கொட்டைகளைப் போட்டு மேல்தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கீழே உட்கார்ந்து தானும் நாலைந்து எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "பையனுக்கு இதச் சுட்டுக் குடுத்தா ரொம்பப் பிடிக்கும்" என்றார். என் மனைவி, "தோலோடவா, உரிச்சா?" என்று கேட்டாள். "தோலோட. அடுப்புச் சாம்பல்ல போட்டு." பையனைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

கிளம்பும்போது, அடுத்த ஞாயிறும் வரலாமா என்றார். நடை திறப்பதற்குள் வந்துவிடுங்கள் என்றேன்.

17 ஜூன்

பலாக்கொட்டை எந்த அடுப்பில் சுடுவது என்று கேட்டவருக்கு: கேஸ் அடுப்பில் சுட்டால் வெடிக்கும். நுனியைக் கொஞ்சம் கீறிவிடுங்கள்.